பத்தாயிரமா, ஐம்பத்தெட்டாயிரமா: திருநகரில் ஒரு மானிட்டர் தேர்வு

ஏப்ரல் கடைசியில் மதுரை திருநகரிலிருந்து ஒரு போன். "அண்ணே, மானிட்டர் போச்சு. பவர் லைட்டு மட்டும் கண்சிமிட்டுது, ஸ்கிரீன் வரல. புதுசே வாங்கிரலாம்னு அப்பா சொல்றாரு. நான் ஓஎல்இடி கேட்டிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஒத்துக்கிருவாரு." ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், விலை கூடிய திரை. பேசியவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் வீட்டுக் கணினியைப் பொருத்திக் கொடுத்தது நான்தான்.

கணினி பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. எந்த மானிட்டர் வாங்கலாம் என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். பெரும்பாலும் போனிலேயே ரெண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வீட்டுக்கு ஒன்பது நாள் ஆனது. ஒரே கணினி, அதை ஆளும் இருவர், இருவருக்கும் வேறு வேறு தேவை, கையில் பணமும் தயார். விலையைப் பார்த்துத் தேர்வு செய்தால் எங்கே சறுக்கும் என்பது இங்கே பளிச்சென்று தெரிந்தது. அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

வீடும் ஆட்களும்

அப்பா கப்பலூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மூத்தவள் மகள், கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள், வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். இளையவன் போன் பண்ணிய மகன். இந்தக் குறிப்பில் இருவரையும் அக்கா, தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். ஐந்து பேர் கொண்ட குழு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் தினமும் ஆட்டம். அக்காவுக்குக் கதை உள்ள பெரிய ஆட்டங்கள்தான் பிடிக்கும். பகல் முழுக்க எடிட்டிங், வேலை முடிந்து தம்பி எழுந்தபிறகு பதினொரு மணிவாக்கில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2.

கணினியில் ரைசன் 5 5600 பிராசசர், 16 ஜிபி ராம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. பழைய மானிட்டர் 22 அங்குலம், 60 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 60 தடவை படம் மாறும்), அப்பா பட்டறைக் கணக்கு எழுத எப்போதோ வாங்கியது.

மாடி அறையில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், திரைச்சீலை இல்லை. மேசையின் ஆழத்தை அப்பாவே சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்து சொன்னார்: 58 சென்டிமீட்டர். இந்த ஜன்னலும் மேசையும் கடைசி முடிவில் பங்கெடுக்கப்போகின்றன என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

"தம்பி, திரும்பத் திரும்ப வாங்க முடியாது. இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு போட்ருவோம். அறுபது வரைக்கும் போகலாம்" என்றார் அப்பா என்னிடம். பிள்ளைகளுக்கு என்று வரும்போது கை சுருக்காத மனிதர். ஆனால் அந்த அறுபதாயிரம் பட்டறையில் எத்தனை நாள் வேலைக்குச் சமம் என்று எனக்குத் தெரியும். "பத்து நாள் டைம் குடுங்க சார், மூணு வகையையும் இந்த ரூம்லயே வச்சுப் பாத்துருவோம்" என்றேன்.

செத்துப்போன மானிட்டர்

பழையதை அன்றைக்கே எடுத்துவந்து பிரித்தேன். நினைத்தது சரிதான். பவர் போர்டில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. நல்ல கெப்பாசிட்டரின் மேல்மூடி தட்டையாக, கூட்டல் குறி போட்டதுபோல் கீறலோடு இருக்கும். இவற்றில் அந்தக் கீறல் பிளந்து, ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மாடி அறையின் மே மாத வெக்கையில் வருடக்கணக்காகக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். 105 டிகிரி தாங்கக்கூடியதாக மூன்று வாங்கிச் சால்டர் செய்தேன். பொருள் செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை. மானிட்டர் எழுந்துவிட்டது.

இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கியபிறகும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் "விளக்கு சிமிட்டுது, படம் வரல" என்று பழைய இரும்புக்காரரிடம் போகிற மானிட்டர்களில் பலவற்றை இப்படி மீட்டுவிடலாம்.

பழசு எழுந்துவிட்டதைத் தம்பியிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. புதுசு வராது என்று நினைத்துக்கொண்டான். வரும், இது ரெண்டாவது திரையாக இருக்கட்டும் என்று சொன்னபிறகுதான் தெளிந்தான்.

மூன்று மானிட்டர்கள்

முதலாவது என் கடையில் இருக்கும் 24 அங்குலம்: 1920க்கு 1080 புள்ளி, 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல் (பின்விளக்கு வைத்த வழக்கமான வகைத் திரை), அப்போது விலை 10,200. இரண்டாவது 27 அங்குலம்: 2560க்கு 1440, 180 ஹெர்ட்ஸ், அதுவும் ஐபிஎஸ், 19,800. டவுன்ஹால் ரோடு பக்கம் எனக்குப் பழக்கமான கடைக்காரர் நாலு நாள் பார்த்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது 27 அங்குலக் குவாண்டம் டாட் ஓஎல்இடி: அதே 1440, 240 ஹெர்ட்ஸ், 58,000. கே.கே. நகரில் என் வாடிக்கையாளர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, "ஒரு வாரம் வச்சுப் பாருங்க, கீறல் மட்டும் விழாம" என்று தந்துவிட்டுப் போனார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருநகர் போனதை மறக்க முடியாது. பழங்காநத்தம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு 27 அங்குலத்தில் 1080 புள்ளி உள்ள ஒன்றையும் யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள். அதைச் சோதனைக்கே எடுக்கவில்லை. 24 அங்குலத்தில் 1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே புள்ளிகளை 27-இல் விரித்தால் 82 ஆகிவிடும். 58 சென்டிமீட்டர் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். 27-இல் 1440 என்றால் 109.

பின்விளக்கு உள்ள இன்னொரு வகையான வளைந்த விஏ பேனலையும் விட்டுவிட்டேன். கறுப்பு ஐபிஎஸ்ஸைவிட ஆழமாக வரும், உண்மை. ஆனால் விலை குறைந்த விஏக்களில் இருட்டான இடத்தில் உருவம் நகர்ந்தால் பின்னால் மை இழுத்ததுபோல ஒரு தடம் வரும். வேலரண்ட் ஆடுகிறவனுக்கு அது ஆகாது.

"வித்தியாசமே தெரியலண்ணே"

முதலில் 24 அங்குலத்தை மாட்டினோம். தம்பி பத்து நிமிடம் ஆடிப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பழசு மாதிரிதாண்ணே இருக்கு. வித்தியாசமே தெரியல. இதுக்குத்தான் ஓஎல்இடி வேணுங்கிறேன்."

நான் வேண்டுமென்றே எதையும் மாற்றாமல் விட்டிருந்தேன். விண்டோஸ், மானிட்டர் 180 என்றாலும் பல நேரம் 60-இலேயே நின்றுவிடும். டிஸ்ப்ளே அமைப்பில் உள்ளே போய் நாமே மாற்ற வேண்டும். மாற்றினேன். மவுஸை ஒரு சுழற்றுச் சுழற்றியதுமே "யண்ணே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மேலூரிலிருந்து வந்த ஒரு பையன் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை எட்டு மாதம் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். அதைவிட நல்லது வாங்கித் தரச் சொல்லித்தான் என்னிடம் வந்தான். அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனான். புது மானிட்டர் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, இப்போது இருப்பது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதுதான்.

27 அங்குல ஐபிஎஸ்ஸிலும் இதே மாதிரி ஒரு கண்ணி. பெட்டியில் வந்தது ஹெச்டிஎம்ஐ கம்பி மட்டும். மாட்டினால் 144-க்கு மேல் ஏறவில்லை. அந்த மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ பழைய 2.0 வகை. 1440 புள்ளிக்கு அதில் அவ்வளவுதான் போகும். 180 வேண்டுமானால் டிஸ்ப்ளே போர்ட் கம்பி தனியாக வாங்க வேண்டும். அரை மணி நேரம் டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மானிட்டரின் கையேட்டைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும்.

180-க்கும் 240-க்கும் நடுவில்

தம்பி ஓஎல்இடிக்காகச் சொன்ன பெரிய காரணம் 240 ஹெர்ட்ஸ். சரி, கண்ணையே கேட்போம் என்று ஓஎல்இடியை மாட்டி, அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஹெர்ட்ஸை மாற்றி மாற்றி வைத்தேன். ஒவ்வொரு முறையும் பயிற்சி மைதானத்தில் ஒரு நிமிடம் ஆடிவிட்டு எது என்று சொல்ல வேண்டும்.

60-ஐ ஒவ்வொரு தடவையும் மூன்று விநாடிக்குள் கண்டுபிடித்தான். 180-ஐயும் 240-ஐயும் பத்துத் தடவை மாற்றி வைத்ததில் ஆறு தடவை சரியாகச் சொன்னான். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்.

இதற்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது. 180-இல் 5.6. அதாவது 11 மில்லி செகண்ட் மிச்சம். 180-இலிருந்து 240-க்குப் போனால் 4.2, மிச்சம் ஒன்றரைகூட இல்லை. 60 ஹெர்ட்ஸ் கூட்டினோம் என்று பெட்டியில் எழுதலாம், கண்ணுக்குக் கிடைப்பது முதல் தாவலில் எட்டில் ஒரு பங்குதான். உலகத்தரத்தில் போட்டிக்கு ஆடுகிறவர்களுக்கு அந்த ஒன்றரையும் வேண்டியிருக்கலாம். கல்லூரி முடிந்து வந்து நண்பர்களோடு ஆடுகிறவனுக்கு அது காசு கொடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை.

ஓஎல்இடிக்கு இன்னொரு பலமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஐபிஎஸ்ஸில் ஒரு புள்ளி நிறம் மாறச் சில மில்லி செகண்ட் ஆகிறது. ஓஎல்இடியில் கிட்டத்தட்ட அந்தக் கணமே மாறிவிடும். அதனால் ஒரே ஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தாலும் நகரும் உருவத்தின் விளிம்பு ஓஎல்இடியில் கூர்மை. 

விலை குறைந்த ஐபிஎஸ்ஸில் இதைச் சரிக்கட்ட ஓவர்டிரைவ் என்று ஓர் அமைப்பு உண்டு. பெட்டியில் "1 மில்லி செகண்ட்" என்று போட்டிருப்பார்கள். அது இந்த அமைப்பை உச்சத்துக்குத் தள்ளி எடுத்த கணக்காக இருக்கும், அல்லது பின்விளக்கைச் சிமிட்ட வைத்து எடுத்ததாக இருக்கும். உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். 24 அங்குலத்தில் அப்படித்தான் வந்தது. நடு அளவுக்கு இறக்கியதும் போய்விட்டது. வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வித்தியாசத்தோடு காட்டும் எச்டிஆர் என்ற ஸ்டிக்கரும் இதே கதைதான். பத்தாயிரம் ரூபாய் மானிட்டரில் அது இருந்தால், எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதைக் காட்டும் வெளிச்சமோ கறுப்போ அந்தப் பேனலில் இருக்காது.

குண்டு ஏன் படவில்லை

சோதனையின் மூன்றாம் நாள் ராத்திரி தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். அவனுடைய பழைய புகார், "நான் முதல்ல சுட்டேண்ணே, ஆனா செத்தது நான்." மானிட்டர்தான் காரணம் என்று நம்பியிருந்தான். ஆட்டத்திலேயே பிங் வரைபடம், அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து மூலையில் வைக்கச் சொன்னேன்.

கோடு 45-இல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று 110-க்குத் தாவியது, திரும்ப இறங்கியது, மறுபடி தாவியது. மும்பை சர்வருக்குப் போகிற தூரம் மாறவில்லை. மாறியது வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. ரவுட்டர் கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில். நடுவில் கான்கிரீட் தளமும் ஒரு சுவரும். கீழே யாராவது போனில் வீடியோ பார்த்தால் மேலே கோடு குதிக்கிறது.

மறுநாள் இருபது மீட்டர் கேட்6 நெட்வொர்க் கம்பியை ரவுட்டரிலிருந்து ஜன்னல் ஓரமாக மேலே இழுத்துவந்தேன். கோடு 42, 43-இல் படுத்துவிட்டது. ஓஎல்இடி தரும் ஒன்றரை மில்லி செகண்டைப் பற்றி மூன்று நாள் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, அறுபது மில்லி செகண்ட் தாவல் ஒரு கம்பியில் அடங்கியதைப் பார்த்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. தம்பி மட்டும், "அப்ப இத்தன நாளும்...?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அக்காவின் பக்கம்

இதுவரை எல்லாம் தம்பியின் கணக்கு. வீட்டில் மானிட்டர் முன் அதிக நேரம் உட்காருவது அக்கா. அவளை யாரும் கேட்கவே இல்லை.

ஓஎல்இடியை மாட்டிய முதல் ராத்திரி அவள் ஆட்டத்தைத் திறந்தபோது விளக்கை அணைத்திருந்தோம். காட்டுக்குள் குதிரையில் போகிறவன் கையில் ஒரு லாந்தர். லாந்தரைச் சுற்றி மஞ்சள் வட்டம், அதைத் தாண்டி மரங்கள், அதையும் தாண்டி ஒன்றுமே இல்லை. திரை எங்கே முடிந்து அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அக்கா ஆடவே இல்லை, குதிரையை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே இடத்தை ஐபிஎஸ்ஸில் திறந்தபோது இருட்டு சாம்பல் நிறமாக இருந்தது. வலது கீழ்மூலையில் வெளிச்சக் கசிவு வேறு. இந்த ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடுகிறது. ஐம்பத்தெட்டாயிரம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். இதைப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு அவள் கூப்பிட்டாள். "அண்ணே, ஸ்கிரீன் என்னமோ ஊதாவா இருக்கு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. இந்த வகை ஓஎல்இடியில், வெளிவெளிச்சத்தை உறிஞ்சும் போலரைசர் தகடு இல்லை. அதனால் அறை வெளிச்சம் பேனலில் பட்டுத் திரும்பி, கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரியும். ராத்திரி கிணறு மாதிரி ஆழமாக இருந்த கறுப்பு, பகலில் பத்தாயிரம் ரூபாய் ஐபிஎஸ்ஸைவிட வெளிறிக் கிடந்தது. ஐபிஎஸ்ஸின் மேல்பூச்சு மங்கலானது, வெளிச்சமும் கூட்ட முடியும். அந்த நேரத்தில் அந்த ஜன்னலுக்கு எதிரே அதுதான் பார்க்கும்படி இருந்தது.

அடுத்தது எழுத்து. கல்யாண வீடியோவுக்குத் தமிழில் பெயர் அடிக்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு "ணி"யைக் காட்டினாள். சுழிகளின் மேல் ஓரத்தில் மெல்லிய பச்சை, கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு. இந்தப் பேனலில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வரிசையாக இல்லாமல் முக்கோணமாக இருப்பதால் வருவது இது. ஆட்டத்தில் கண்ணுக்கே படாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதிலும் இத்தனை வளைவுள்ள நம் எழுத்து என்றால், ஒருமுறை கண்ணில் பட்டபிறகு விடாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எடிட்டிங் மென்பொருளில் கீழே டைம்லைன், இடப்பக்கம் பொத்தான்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். ஓஎல்இடியில் அசையாத படம் நீண்ட நாள் நின்றால் அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட முன்னால் தேய்ந்து நிழல்போலத் தங்கிவிடும். அதைக் குறைக்க மானிட்டரே சில மணி நேர உபயோகத்துக்கு ஒருமுறை, நாம் அணைத்தபிறகு, சில நிமிடம் தன்னைச் சீர்செய்துகொள்ளும். அதற்கு ஸ்டாண்ட்பையில் மின்சாரம் இருக்க வேண்டும்.

இந்த வீட்டில் அம்மா ராத்திரி கடைசியாக மாடி ஏறி எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பல வருடப் பழக்கம். இடி மின்னல் நேரத்தில் அதுதான் பல பொருளைக் காப்பாற்றியும் இருக்கிறது. அணைக்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னாலும் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் யாரிடம் சொல்வது?

கார்டு எவ்வளவு தாங்கும்

1080-இல் ஏறத்தாழ 21 லட்சம் புள்ளி, 1440-இல் 37 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் கார்டு அத்தனையையும் வரைய வேண்டும். வேலரண்டில் இது பிரச்சினையே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060-இல் குறைந்த அமைப்பில் இரண்டு அளவிலும் பெரும்பாலும் விநாடிக்கு 250 படத்துக்கு மேலேயே ஓடியது. அக்காவின் ஆட்டத்தில் கதை வேறு. 1080-இல் எழுபதைத் தாண்டியது, 1440-இல் ஐம்பதுகளின் நடுவில். டிஎல்எஸ்எஸ்ஸைத் தர அமைப்பில் போட்டால் கார்டு உள்ளே 1707க்கு 960 அளவில் வரைந்து 1440-க்கு உயர்த்துகிறது. அப்போது அறுபதுகளின் கடைசிக்கு ஏறியது. கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் இருப்பதால் 55 ஆனாலும் 68 ஆனாலும் படம் கிழியாமல் ஓடியது.

ஆக அக்கா ஆடும் ஆட்டத்தில் 240 ஹெர்ட்ஸில் முக்கால்வாசி சும்மா கிடக்கும். கே.கே. நகர்க்காரருக்கு அந்த மானிட்டர் ஏன் பொருந்துகிறது என்றால், அவரிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4080. அறையில் கனமான திரைச்சீலை, ஏசி. ராத்திரி மட்டும்தான் உட்காருவார், அலுவலக வேலைக்கு லேப்டாப் தனி. அவரிடம் பத்தாயிரம் ரூபாய் மானிட்டர் இருந்தால் நானே திட்டியிருப்பேன்.

முடிவு

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் வீட்டில் இருந்தார். ஓஎல்இடி வேண்டாம் என்பதில் அக்காதான் முதலில் உறுதியாக நின்றாள். அந்த லாந்தர் காட்சிக்கு அப்படி உருகியவளே சொன்னபோது தம்பியால் மறுக்க முடியவில்லை.

மிச்சம் 24-ஆ 27-ஆ. தம்பிக்கு 24. வேலரண்டில் முழுத்திரையும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும், 58 சென்டிமீட்டர் மேசையில் 27 அங்குலம் இருந்தால் மூலையில் உள்ள வரைபடத்துக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும் என்றான். அது நியாயமான பேச்சு. அக்காவுக்கு 1440, ஏனென்றால் டைம்லைன் நீளமாகக் கிடைக்கும், எழுத்து கூர்மையாக இருக்கும்.

நான் 27 அங்குல ஐபிஎஸ் பக்கம் நின்றேன். அவள் அதில் சம்பாதிக்கிறாள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதைப் பார்க்கிறாள். தம்பியின் சிரமத்தைக் குறைக்க வழி இருந்தது. மானிட்டரின் காலைக் கழற்றிவிட்டு மேசை விளிம்பில் கவ்வும் கை ஒன்று போட்டால் திரை சுவர்வரை பின்னால் போகும், பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரம் கிடைக்கும். பின்பக்கம் 100க்கு 100 மில்லிமீட்டர் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன. அப்பா எழுந்துபோய்க் கையின் தகட்டை வாங்கிப் பார்த்தார். "இத நானே பட்டறையில அடிச்சுருவேன், எதுக்கு ரெண்டாயிரம்?" என்று கேட்டார். அடித்தும் கொடுத்தார், கடையில் விற்பதைவிடத் திடமாக.

கடைக்கு நானும் கூடப் போனேன். பணம் கட்டுமுன் பெட்டியைத் திறந்து, முழுத் திரையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் பார்த்தோம். நடுவில் ஒளிரும் புள்ளி ஒன்று இருந்தால் அதற்காக மாற்றித் தர மாட்டோம் என்று சொல்கிற நிறுவனங்கள் உண்டு. கடையிலேயே பார்ப்பதுதான் வழி. வாரண்டிக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா, திருநகர் பின்கோடுக்கு அது உண்டா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கினேன். வாடிப்பட்டி வாடிக்கையாளர் ஒருவர் மானிட்டரைச் சர்வீசுக்கு வெளியூர் அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். அந்த ஐந்து வாரமும் அவர் போனை எடுத்துப் பதில் சொன்னவர்கள் ஒருவர்கூட ஒரு தேதி சொல்லவில்லை.

மானிட்டர் 19,800. டிஸ்ப்ளே போர்ட் கம்பி, நெட்வொர்க் கம்பி, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, ஒரு யுபிஎஸ் எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சத்தில் லேத்துக்குப் புதுச் சக் வாங்கிக்கொண்டார் அப்பா.

மூன்று மாதம் கழித்து

ஆகஸ்டில் வேறு வேலையாகப் போனபோது ஏறிப் பார்த்தேன். பழைய 22 அங்குலம் பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. அதில் பகலில் அக்காவின் கோப்புப் பட்டியல், ராத்திரி தம்பியின் குழு அரட்டை. தம்பி 27-க்குப் பழகிவிட்டான், ஆனால் போட்டி ஆட்டத்துக்கு 24-தான் சரி என்று இன்னும் சொல்கிறான். அவன் சொல்வது தவறில்லை. அம்மா எப்போதும்போல எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கிறார்.

ராத்திரிக் காட்சிகளில் வலது மூலைக் கசிவு இன்னும் தெரிகிறது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் சின்ன வெள்ளை ஜீரோ வாட் பல்பு ஒன்றை மாட்டியிருக்கிறாள். முழு இருட்டில் கண்மணி விரிந்து சாம்பல் உறைக்கிறது. பின்சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் அதே சாம்பல் கறுப்பாகத் தெரிகிறது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே வைத்துப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

கிளம்பும்போது படியில் நிறுத்திக் கேட்டாள்: "அண்ணே, அந்த கே.கே. நகர் மானிட்டர் மாதிரி, எழுத்து ஓரத்துல கலர் வராம, வேலை பாத்தாலும் தேயாம எப்ப வரும்?"

எழுத்து வருடா வருடம் தெளிவாகிக்கொண்டு வருகிறது, தேய்மானம்தான் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்றேன். "அப்ப கார்டையும் சேத்து மாத்துவோம். அதுவரைக்கும் இது ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.